எலும்புருக்கி: பொறாமையை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்துப் பிழைப்பவன் நான். கடைக்கு வருகிற யாரும் ‘கெப்பாசிட்டர் போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்’ என்று சொல்லி வருவதில்லை. ‘தண்ணீர் ஏறவில்லை’ என்பார்கள். ‘உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது’ என்பார்கள். ‘கருகிய வாடை அடிக்கிறது’ என்பார்கள். அறிகுறிதான் கடை வாசலுக்கு வரும். பழுதை நாம் தேடிப் போகவேண்டும்.

பொறாமையும் அப்படித்தான். முப்பது வருடமாக ஒரே சபையில் பாடகர் குழுவில் நிற்கிறேன்; ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ‘எனக்குப் பொறாமையாக இருக்கிறது’ என்று ஒருவர்கூட என்னிடம் வந்து சொன்னதில்லை. நானும் வாழ்க்கையில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். கோபம் என்போம், களைப்பு என்போம், ‘நியாயம் என்று ஒன்று வேண்டாமா’ என்று கேட்போம். ‘மனதில் பாரமாக இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்றுகூடச் சொல்வோம். எல்லாம் சொல்வோம், அந்த ஒரு சொல்லைத் தவிர.

‘சொஸ்தமனம் உடலுக்கு ஜீவன், பொறாமையோ எலும்புருக்கி’ என்கிறது நீதிமொழிகள் 14:30. எங்கள் தாத்தா காலத்தில் காசநோய்க்கு அதுதான் பெயர். அந்தச் சொல்லைத் தேர்ந்து போட்ட மொழிபெயர்ப்பாளர் நோயாளிகளைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். வெளியே தெரிவது இருமல். உள்ளே ஆள் கரைந்துகொண்டிருப்பான்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேரே போகலாம். முதல் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

எதையும் கழற்றும் முன்: இது பொறாமைதானா?

மூன்று பழுதுகள் ஒரே மாதிரி உறுமும். ஏக்கம், நியாயமான குறை, பொறாமை. மருந்து வேறுவேறு என்பதால் முதலில் பிரித்துவிட வேண்டும்.

நான் வைத்திருக்கும் டெஸ்ட் லாம்ப் ஒரே ஒரு கேள்வி: எனக்கு ஒன்றும் கிடைக்காமல், அவரிடம் இருப்பது மட்டும் போய்விட்டால், எனக்குக் கொஞ்சம் நிம்மதி வருமா? விளக்கு எரிந்தால் பொறாமை. ‘அவருக்கும் இருக்கட்டும், எனக்கும் வேண்டும்’ என்று மனம் சொன்னால் அது ஏக்கம். ஏக்கத்துக்கு வெட்கப்பட வேண்டியதில்லை; அதை அப்படியே ஜெபத்தில் கொட்டலாம்.

வேதத்தில் இரண்டு பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். ராகேலுக்கும் பிள்ளை இல்லை, அன்னாளுக்கும் பிள்ளை இல்லை. இருவர் வீட்டிலும் இன்னொருத்தி பெற்றுக்கொண்டே இருந்தாள். ராகேல் தன் அக்காள்மேல் பொறாமைப்பட்டு, ‘எனக்குப் பிள்ளைகொடும், இல்லாவிட்டால் நான் சாகிறேன்’ என்று கணவனிடம் சண்டைக்குப் போனாள். பிறகு யோசேப்பைப் பெற்றாள். பெற்ற கையோடு அவனுக்கு வைத்த பெயரிலேயே ‘இன்னும் ஒரு குமாரன்’ என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. அன்னாளின் கதையோ வேறு. சக்களத்தி பெனின்னாள் வருடந்தோறும் அவளைக் குத்திக் குத்தி அழவைத்தாள். இத்தனைக்குப் பிறகும், ஆலயத்தில் அன்னாள் செய்த பொருத்தனையில் பெனின்னாளின் பெயரே இல்லை. எழுந்து போய்ச் சாப்பிட்டாள்; ‘அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறது. கவனியுங்கள், அப்போது அவள் கருத்தரித்திருக்கவில்லை. பிள்ளை வருவதற்கு முன்பே முகம் மாறிவிட்டது.

மூன்றாவது, நியாயமான குறை. எருசலேமில் அன்றாட விநியோகத்தில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தபோது, ‘உங்களுக்குப் பொறாமை’ என்று சொல்லி அப்போஸ்தலர்கள் வாயை அடைக்கவில்லை. ஏழு பேரை நியமித்து விநியோகத்தைச் சரிசெய்தார்கள் (அப்போஸ்தலர் 6). பங்கைக் கேட்கிற தங்கையையும் சம்பளத்தைக் கேட்கிற தொழிலாளியையும் ‘பொறாமை பிடித்தவர்’ என்று மடக்குகிற பழக்கம் நம் வீடுகளிலும் சபைகளிலும் நிறைய உண்டு. அது பழுதுபார்ப்பில் சேராது. நியாயமான குறை என்றால் சம்பந்தப்பட்டவரிடம் நேரே பேசுங்கள். இந்தக் கட்டுரையை மூடிவிடலாம்.

‘நல்ல செய்தி கேட்டதும் வயிற்றுக்குள் ஓர் இழுப்பு, வாய் மட்டும் வாழ்த்துகிறது’

இதைக் கண்டு பதறுகிறவர்கள் பெரும்பாலும் மனசாட்சி கூர்மையான நல்லவர்கள். தங்கை மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. நம் பெண் இரண்டாம் முறை நீட் எழுதிவிட்டு அறைக்குள் படுத்திருக்கிறாள். தொலைபேசியில் ‘ரொம்பச் சந்தோஷம்மா, கர்த்தர் நல்லவர்’ என்கிறோம்; உள்ளே சுருக்கென்கிறது. இது பாவமா?

தம்பி ஆபேலைக் கொன்ற காயீனிடம் கர்த்தர் பேசியதைப் படியுங்கள். கொலைக்குப் பிறகு பேசியதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கொலைக்கு முன்பும் அவர் பேசியிருக்கிறார்: ‘உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று? உன் முகநாடி ஏன் வேறுபட்டது?’ அந்தக் கட்டத்தில் பாவம் ‘வாசற்படியில் படுத்திருக்கும்’ என்கிறார். வாசற்படியில் படுத்திருக்கிற நாய் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. இழுப்பு தானாக வருவது. கதவைத் திறப்பது நம் கை.

செய்ய வேண்டியது: அந்த நிமிடமே, மனதுக்குள், சொல்லை மாற்றாமல் சொல்லுங்கள். ‘ஆண்டவரே, எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என் பிள்ளைக்குக் கொடுக்காமல் அவள் பிள்ளைக்குக் கொடுத்தீர்.’ பின்பாதியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காயீனின் எரிச்சல் ஆபேல்மேல் விழுந்தாலும், காணிக்கையை அங்கீகரித்ததும் அங்கீகரிக்காததும் ஆபேல் செய்த வேலை இல்லையே. நமக்கு வழக்கு இருப்பது கொடுத்தவரிடம். அவரைக் கேட்கத் துணிவில்லாமல் வாங்கினவனைப் பிடித்துக்கொள்கிறோம். நான் பார்த்தவரை, பொறாமை என்று என் கைக்கு வந்த எல்லாப் பழுதும் கடைசியில் இந்த ஓர் இணைப்பில்தான் வந்து நின்றிருக்கிறது.

‘பாராட்டத் தொடங்கினால் வாக்கியத்தின் நடுவில் ஓர் “ஆனால்” வந்துவிடுகிறது’

‘நன்றாகத்தான் பிரசங்கம் செய்கிறார், ஆனால்...’ ‘வீடு பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள், ஆனால் கடன் எவ்வளவோ, பாவம்.’ அந்தப் ‘பாவம்’ இருக்கிறதே, அதைத்தான் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும்.

590 முதல் 604 வரை ரோமில் போப்பாக இருந்த கிரகோரி, பொறாமை பெற்றுப்போடுகிற பிள்ளைகள் என்று ஒரு வரிசை சொல்லியிருக்கிறார்: பகை, காதோடு காதாகப் பேசுதல், பெயரைக் கெடுத்தல், அயலான் விழும்போது மகிழ்ச்சி, அவன் வாழும்போது வருத்தம். ஐந்தில் இரண்டு வாயில் பிறப்பவை. பதினான்கு நூற்றாண்டு கடந்தும் வரிசை மாறவில்லை.

சபைக்காரர்களிடம் இதற்கு இன்னொரு வேஷம் உண்டு. ஜெபக் குறிப்பு. ‘அந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்க வேண்டும், விவரம் கேட்காதீர்கள்’ என்று தொடங்கி, விவரம் எல்லாம் சொல்லி முடிப்பார்கள். வீட்டுக் கூட்டம் முடிந்து காபி டம்ளர் கைக்கு வரும்போது அந்தக் குடும்பத்தின் பெயர் பாதி கரைந்திருக்கும். நானே செய்திருக்கிறேன் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

சரிசெய்வது கடினமில்லை, கசப்பானது. பாராட்டை முற்றுப்புள்ளியோடு நிறுத்திப் பழகுங்கள். ‘நன்றாகப் பிரசங்கம் செய்தார்.’ நிறுத்து. வாய் துடிக்கும்; துடிக்கட்டும். ஏற்கெனவே பேசிவிட்டீர்கள், அவர் பெயருக்கு அதனால் சேதம் வந்துவிட்டது என்றால், மத்தேயு 5:23, 24 உங்களுக்குத்தான். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும். அவரிடம் மட்டும் போனால் போதாது. யாரிடம் பேசினீர்களோ அவர்களிடமும் போய், ‘நான் அன்றைக்குச் சொன்னது சரியில்லை’ என்று சொல்ல வேண்டும். கருகிய காயிலை (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளை) வார்னிஷ் பூசி மறைத்துக் கொடுக்கிற கடைக்காரன் நெடுநாள் பிழைக்க மாட்டான்.

வெளியே எதுவும் பேசவில்லை, மனதுக்குள் மட்டும்தான் இருந்தது என்றால்? அவரிடம் போய், ‘ஐயா, இத்தனை நாளாக உங்கள்மேல் பொறாமைப்பட்டேன், மன்னியுங்கள்’ என்று கொட்டாதீர்கள் என்பது என் கட்சி. சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் அப்படிச் சொன்ன பிறகு நமக்கு இலேசாகிறது; அவருக்கோ அன்று முதல் நம் முன்னால் சிரிக்கவும் யோசனை. நம் சுமையை இறக்க அவர் தலையைத் தேட வேண்டாம். யாக்கோபு 5:16 சொல்வதுபோல் குற்றத்தை ஒருவரிடம் அறிக்கையிடத்தான் வேண்டும். கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. மற்றவர்கள் வாய் இறுக்கமான ஒரு மூத்த விசுவாசியையோ குருவானவரையோ தேடிக்கொள்ளுங்கள்.

‘அவர் தடுக்கி விழும்போது உள்ளே இனிக்கிறது’

இது என் சொந்தப் பழுது. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஆராதனையில் பதினொரு வருடம் நான்தான் தனிப்பாட்டுப் பாடினேன். பன்னிரண்டாம் வருடம், வெளியூரில் இசை படித்துவிட்டு வந்த ஒரு தம்பிக்கு அதைக் கொடுத்தார்கள். யாரும் என்னை அவமதிக்கவில்லை. முன்கூட்டியே சொன்னார்கள், காபி கொடுத்துச் சொன்னார்கள். நானும் ‘இளம்பிள்ளைகள் வரவேண்டும்’ என்று தலையாட்டினேன். ஆராதனையில் மூன்றாம் சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் அவன் சுருதி ஒரு மயிரிழை விலகியது. வாயில் கற்கண்டு போட்டதுபோல் இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து வேட்டியை மடித்துக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: ‘அந்தப் பையன் பிசகினபோது ஏன் சிரித்தீர்கள்?’

நான் சிரித்ததே எனக்குத் தெரியாது.

அன்றிரவு தூக்கமில்லை. ஜனவரி பிறந்ததும், ஓய்வுபெற்ற வயதான உபதேசியார் ஒருவரிடம் போய், ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன் என்றேனே, அதைச் சொன்னேன். அவர் அறிவுரை ஏதும் சொல்லவில்லை. 1 சாமுவேல் 18ஐ எடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, ‘யார் யார் கையில் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் பார்’ என்றார்.

பார்த்தேன். தாவீதின் கையில் சுரமண்டலம். ‘சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்’ என்று பெண்கள் பாடியதைக் கேட்ட நாள்முதல், சவுல் தாவீதைக் ‘காய்மகாரமாய்ப் பார்த்தான்’. அவன் கையில் ஈட்டி. அதே அதிகாரத்தில் இன்னொருவன் இருக்கிறான். தாவீது வந்ததால் உண்மையிலேயே நட்டப்படப் போகிறவன் அவன்தான்: பட்டத்துக்குரிய மகன் யோனத்தான். அவன் போர்த்தியிருந்த சால்வையைக் கழற்றிக் கொடுத்தான். வஸ்திரத்தையும், பட்டயத்தையும், வில்லையும், கச்சையையும் கொடுத்தான். பட்டியல் போட்டு எழுதியிருக்கிறது. எறிவதற்கு அவன் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

‘உன் கையில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டார் உபதேசியார்.

என்னிடம் ஒரு சொல்ஃபா நோட்டு, அதாவது பாட்டுகளைச் சுர எழுத்தில் எழுதிய நோட்டு, இருந்தது. நீல அட்டை, முனைகள் மடங்கிப் போனது. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்து வைத்திருந்தேன். அந்த மூன்றாம் சரணமும் அதில் இருந்தது. அங்கே எல்லோரும் பிசகுவார்கள், நானும் முதல் இரண்டு வருடம் பிசகியிருக்கிறேன். அதற்கு முந்தின அடியின் கடைசிச் சொல்லுக்கு முன்பே மூச்சை வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தம்பி பிசகுவான் என்று ஒத்திகையிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுதான் என் ஈட்டி.

நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும்போது மனதில் அன்பு ஏதும் பொங்கவில்லை. கொடுத்துவிட்டு வரும் வழியெல்லாம் எரிந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கிற சிங்கிள் பேஸ் மோட்டாரின் தண்டைக் குச்சியால் ஒரு தள்ளு தள்ளிவிட்டால் ஓடத் தொடங்கும். (கையால் தொடாதீர்கள், விரல் போய்விடும்.) ஓடினால், மெயின் காயில் எரியவில்லை, பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர்தான் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ‘சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள்’ என்று பவுல் ரோமர் 12:15இல் எழுதுவது எனக்கு அந்தக் குச்சிபோலத்தான் தெரிகிறது. மனம் தானாகச் சுற்றும்வரை காத்திருந்தால் காத்துக்கொண்டே இருப்போம். கை ஒரு வேலையைச் செய்யட்டும்: கொடுப்பது, சொல்லிக்கொடுப்பது, அவர் பெயரைச் சிபாரிசு செய்வது, அவர் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறுவது. ஆனாலும் தள்ளிவிட்டு ஓட்டுவது தற்காலிகம். கெப்பாசிட்டரை மாற்றாமல் விட்டால், நின்ற மோட்டார் மறுபடி தானாகக் கிளம்பாது. மாற்றுவது அடுத்த அறிகுறியில் இருக்கிறது.

‘இத்தனை வருடம் உழைத்த எனக்கு இல்லை, நேற்று வந்தவனுக்கா?’

கணக்குப் புத்தகம் திறந்துவிட்டது என்று பொருள். ‘இருபது வருடம் சபையைப் பெருக்கினேன்.’ ‘தசமபாகம் தவறியதில்லை.’ ‘உபவாசம் இருந்து பெற்ற பிள்ளைக்கு வேலையில்லை, கோயில் பக்கமே வராதவன் மகன் கனடாவில்.’

மத்தேயு 20இல் திராட்சத்தோட்டத்து எஜமான் காலையில் வந்தவர்களிடம் நாளொன்றுக்கு ஒரு பணம் என்று பேசி அனுப்புகிறார். பதினோராம் மணி வேளையில், அதாவது பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, வந்தவர்களுக்கும் அதே ஒரு பணம். இந்த உவமையில் எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது கூலி கொடுத்த வரிசைதான். பிந்தி வந்தவர்களைத் தொடங்கி முந்தி வந்தவர்கள்வரை கொடு என்கிறார். காலையில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால், பேசிய கூலி கைக்கு வந்த சந்தோஷத்தில் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஒரு சண்டையும் இல்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்படி வேண்டுமென்றே கொடுத்திருக்கிறார். மருத்துவர் வலிக்கிற இடத்தை அழுத்திப் பார்ப்பதுபோல.

அழுத்தியதும் கத்தினார்கள். அதற்கு எஜமான் கேட்டது: ‘நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?’ அவர்கள் கையிலிருந்து ஒரு காசும் குறையவில்லை. அடுத்தவன் கையைப் பார்த்த பிறகுதான் தங்கள் பணம் சிறுத்துப்போனது.

சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவந்த தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்ததைக் கண்டு கோபப்பட்ட லூக்கா 15இன் மூத்த மகனும் இதே புத்தகத்தைத்தான் வாசிக்கிறான். இத்தனை வருடகாலம் ஊழியம் செய்தேன், ஒரு ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா என்கிறான். தம்பியைத் தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை; ‘உம்முடைய குமாரனாகிய இவன்’ என்கிறான். தகப்பன் பதிலில் அதை மெல்லத் திருத்துகிறார்: ‘உன் சகோதரனாகிய இவன்.’ நம் வீட்டுச் சண்டைகளிலும் இது நடக்கும். ‘உங்கள் பெரிய மகன் செய்த வேலையைப் பாருங்கள்’ என்று தாயிடம் சொல்கிற நிமிடத்தில் அண்ணன் நமக்கு அண்ணனாக இல்லாமல் போய்விடுகிறான்.

‘எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது’ என்றும் தகப்பன் சொல்கிறார். அதை நம்ப முடியாததுதான் மூத்தவனின் வியாதி. கூலிக்கு வேலை செய்பவனாகவே வீட்டுக்குள் இருந்திருக்கிறான்.

மாற்ற வேண்டிய பாகம் இது. செய்முறை: ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். முதல் பத்தியில், தேவன் உங்களுக்குத் தரவேண்டியது என்று நீங்கள் நினைப்பவை. வெட்கப்படாமல் எழுதுங்கள்: பதவி உயர்வு, மகளுக்கு வரன், சபைக் கமிட்டியில் இடம், தனிப்பாட்டு. இரண்டாவதில், கேட்காமலே கிடைத்தவை. இரண்டாவது பத்தி நிரம்பினால் நன்றியறிதல் பொங்கிவிடும் என்று நான் உறுதி தரமாட்டேன்; எனக்கு முதல் தடவை பொங்கவில்லை. பயன் முதல் பத்தியில் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் நேரே, ‘இதை அவர் எப்போது எனக்கு வாக்குக் கொடுத்தார்?’ என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். என் தாளில் எழுதிய ஏழில் ஆறுக்குப் பதில் இல்லை. பேசிய கூலியில் பாக்கி வைக்காதவர்மேல் பாக்கி எழுதி வைத்திருந்தேன். தாளை அடுப்பில் போட்டேன். அடுத்த மாதம் இன்னொன்று எழுத வேண்டிவந்தது, அது வேறு கதை.

‘அக்கிரமம் செய்கிறவன்தான் நன்றாக வாழ்கிறான்’

73ஆம் சங்கீதம் முழுவதும் இந்தப் பழுதுக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆசாப் ஆலயத்துப் பாடகன், என் ஜாதி. ‘துன்மார்க்கரின் வாழ்வை நான் காண்கையில், வீம்புக்காரராகிய அவர்கள்மேல் பொறாமைகொண்டேன்’ என்று ஆராதனைப் பாட்டிலேயே போட்டு உடைக்கிறான். 28 வசனங்களில் 16 வசனம்வரை புலம்பல்தான். பதினேழாம் வசனத்தில் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகிறான், அங்கே திரும்புகிறது. துன்மார்க்கன் உடனே விழுந்துவிட்டதாக எங்கும் இல்லை. பார்க்கிறவன் நின்ற இடம்தான் மாறியது. ‘உமக்கு முன்பாக மிருகம் போலிருந்தேன்’ என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறான்.

இந்த அறிகுறி உள்ளவர்கள் சங்கீதத்தைச் சத்தமாக, தினம் ஒரு முறை, ஒரு வாரம் வாசியுங்கள். முதல் பாதியை அவசரமாகத் தாண்டாதீர்கள்.

‘இரவு படுத்துக்கொண்டு அவர்களுடைய படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்’

நிறுத்துங்கள். அந்த ஒருவருடைய ஸ்டேட்டஸ் உங்களுக்குத் தெரியாதபடி செய்துவைக்க ஒரு நிமிடம் ஆகாது. உறவு முறியாது, அவருக்குத் தெரியவும் தெரியாது. கண் இடறல் உண்டாக்கினால் பிடுங்கிப் போடு என்றவர், போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படு என்பதைக் கடினம் என்று நினைக்க மாட்டார்.

‘அடுத்த சபை வளர்கிறது, எங்கள் சபை தேய்கிறது’

ஊழியர்களுக்கு வரும் தொழில்முறை வியாதி. இதற்கு வைராக்கியம் என்று பெயர் சூட்டிக்கொள்வது எளிது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் நல்ல வைராக்கியத்துக்கும் கெட்ட வைராக்கியத்துக்கும் ஸேலோஸ் என்ற ஒரே சொல்தான். நம் தமிழ் வேதமும் அதை அப்படியே காட்டுகிறது. ‘பக்திவைராக்கியம் என்னைப் பட்சித்தது’ என்பதும் வைராக்கியம். ‘வைராக்கியமும் விரோதமும் எங்கே உண்டோ, அங்கே கலகமும் சகல துர்ச்செய்கைகளுமுண்டு’ என்று யாக்கோபு எழுதுவதும் வைராக்கியம். எது என்று பிரிக்க, யாருடைய பெயர் சிறுத்ததால் எரிகிறது என்று பாருங்கள்.

எல்தாத், மேதாத் என்ற இரண்டு மூப்பர்கள் பாளயத்தில் தீர்க்கதரிசனம் சொன்னபோது, அவர்களைத் தடுக்கும்படி மோசேயிடம் யோசுவா சொன்னான். ‘நீ எனக்காக வைராக்கியம் காண்பிக்கிறாயோ?’ என்று மோசே கேட்டான். பவுல் சிறையில் இருந்தபோது, பொறாமையினால் பிரசங்கித்தவர்களும் இருந்தார்கள். எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார் என்று அதிலும் மகிழ்ச்சி கண்டுபிடித்தான். மருந்து ஒன்றுதான், உடனடியானது: வரும் ஞாயிறு சபை ஜெபத்தில், பெயர் சொல்லி, அந்த அடுத்த சபையின் வளர்ச்சிக்காக ஜெபியுங்கள். குரல் எந்த இடத்தில் தடுக்குகிறது என்று நீங்களே கேட்பீர்கள்.

‘கணவர் யாரோடு பேசினாலும் சந்தேகம்’, ‘மனைவியின் போனை எடுத்துப் பார்க்காமல் தூங்க முடியவில்லை’

இதையும் பொறாமை என்கிறார்கள். இணைப்பு வேறு. அயலானிடம் இருப்பதற்காக எரிவது ஒன்று. நம்முடையது போய்விடுமோ என்று நடுங்குவது இன்னொன்று. யாத்திராகமம் 20:5இல் கர்த்தர் தம்மை ‘எரிச்சலுள்ள தேவன்’ என்கிறார் என்று வசனம் காட்டி மனைவியைப் பூட்டி வைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வசனம் விக்கிரகங்களைப் பற்றியது. உடன்படிக்கையை மீறாத ஒருவர் பேசுகிறார். அந்த நாற்காலியில் கணவன் ஏறி உட்காரக் கூடாது.

துரோகம் உண்மையாகவே நடந்திருந்தால், உங்கள் வலி பொறாமை ஆகாது. துணையோடு பேசவும், ஆலோசனை தேடவும் உரிமை உண்டு. ஆதாரமே இல்லாமல் சந்தேகம் விடாமல் அரித்தால், ஜெபத்தோடு மனநல மருத்துவரையும் பாருங்கள். சந்தேகம் அடி உதையாக மாறிவிட்ட வீட்டில், ‘பொறுத்துக்கொள் தாயே, ஜெபி’ என்று அனுப்பிவைப்பது பாவம். முதலில் அந்தப் பெண் பத்திரமான இடத்துக்குப் போகட்டும்.

‘மற்றவர்கள் கண் பட்டுவிடுமோ என்று பயம்’

பத்திரம் பதிவாகும்வரை வீடு வாங்கியதைச் சொல்வதில்லை. பிள்ளை உண்டானதை ஐந்தாம் மாதம்வரை மூடிவைக்கிறோம். ஞானஸ்நானம் பெற்ற வீடுகளிலும் பூசணிக்காய் மட்டும்தான் இல்லை, பயம் அப்படியே இருக்கிறது. சிலர் வசனத்தை எழுதி வாசலில் மாட்டியிருப்பதே திருஷ்டிப் பொம்மைக்குப் பதிலாகத்தான் என்று சந்தேகிக்கிறேன்.

இயேசு கெட்ட கண்ணைப் பற்றிப் பேசியிருக்கிறார், மத்தேயு 6:23இல்: ‘உன் கண் கெட்டதாயிருந்தால், உன் சரீரம் முழுவதும் இருளாயிருக்கும்.’ இருளுவது பார்க்கிறவனின் உடம்பு. பார்க்கப்படுகிறவனுக்கு அந்தக் கண்ணால் என்ன ஆகும் என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆகவே பயத்தை இறக்கிவைக்கலாம். அதேசமயம், பொறாமைப்பட்ட ஆட்கள் கையால் செய்கிற தீங்கு உண்மையானது. யோசேப்பைக் குழியில் போட்டது கண்ணேறு செய்த வேலை இல்லை, பத்து அண்ணன்மார். அதற்கு எச்சரிக்கை தேவை, எலுமிச்சம்பழம் தேவையில்லை. பிள்ளை இல்லாதவர் முன்னால் வளைகாப்புப் படங்களைப் பரப்பாமல் இருப்பது பயத்தில் சேராது, அது நாகரிகம்.

‘எல்லாம் செய்தும் திரும்ப வருகிறது’

வரும். பேதுருவைப் பாருங்கள். திபேரியா கடற்கரையில், விடியற்காலையில், மூன்று முறை மறுதலித்ததற்கு மூன்று முறை அன்பைக் கேட்டு, ஆடுகளை அவன் கையில் ஒப்படைத்து முடித்திருக்கிறார் இயேசு. ஆறுதல் பெற்ற ஈரம் காயவில்லை. பேதுரு திரும்பிப் பார்க்கிறான், பின்னால் இன்னொரு சீஷன் வருகிறான். ‘ஆண்டவரே, இவன் காரியம் என்ன?’ உயிர்த்தெழுந்தவர் எதிரில் நிற்கும்போதே வந்துவிட்டது. ‘உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா’ என்றார். தமிழில் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நான் கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், ‘உனக்கென்ன’ என்று மட்டும். வாடிக்கையாளர்கள் தங்களைத் திட்டுவதாக நினைக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. பழுது திரும்பியதா என்று பார்க்க, எந்த வெயிட்டில் முதலில் நின்றதோ அதே வெயிட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, அந்தத் தம்பி மறுபடி பாடினான். நான் டெனர் வரிசையில் பின்னால் நின்றேன். மூன்றாம் சரணம் வந்தது. முந்தின அடியின் கடைசிச் சொல்லுக்கு முன்பே, நான் சிவப்பு மையில் குறித்த அதே இடத்தில், அவன் மூச்சு வாங்கினான். மேலே போய் அசையாமல் நின்றான். ஆல்டோ வரிசையிலிருந்து மனைவி தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.